மூளையின் ஆயுள் வரைபடமும் கந்தக மண்ணும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்றனர் நம் முன்னோர். அச்சிரசினுள் உறையும் மூளை ஆயுள் முழுதும் ஒரே வடிவில் இருப்பதன்று. வளர்வதும் தேய்வதும் அதற்கு இயல்பு. அம்மாற்றங்களைக் கத்தி படாமல் காட்டுவது எம்.ஆர்.ஐ. கருவி. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் படங்களைத் தொகுத்து 2022-இல் உலக அறிவியலாளர் ஓர் ஆயுள் வரைபடம் வெளியிட்டனர். மூளையின் சாம்பல்நிறப் பகுதி 6 வயதை ஒட்டி உச்ச அளவை எய்துகின்றது. நரம்பிழைகள் நிறைந்த வெண்பகுதியோ 29 வயதை ஒட்டியே உச்சம் பெறுகின்றது. ஆயினும் அப்படங்களுள் பெரும்பாலானவை மேனாட்டாருடையவை.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னை ஐ.ஐ.டி., கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 நுண்வெட்டுப் படங்களாக்கி 2024-இல் உலகிற்கு வழங்கியது. கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் 45 வயது கடந்த கிராம மக்களைப் பெங்களூர் மூளை ஆய்வு மையம் தொடர்ந்து ஆராய்கின்றது. ஒன்று தொடக்கத்தைப் பார்க்கின்றது. மற்றொன்று முதுமையை நோக்குகின்றது. இடையில் உழைத்துக் கழியும் வாழ்வை யார் பார்ப்பது?

விருதுநகர் மாவட்டத்தார் இவ்வாறு வினவக் காரணம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் குறித்து உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளிக்குமுன், சிவகாசி வட்டாரத்தில் தீக்குச்சி அடுக்கியும் வெடிக்குக் குழாய் சுருட்டியும் வளர்ந்த சிறார் இன்று நடுவயதினர். ஈயம், பாதரசம், ஆர்சனிக் முதலியவற்றைப் பட்டாசில் சேர்ப்பதற்கு 2017-இல்தான் தடை வந்தது. ஈயத்தின் தீங்கை அமெரிக்கச் சின்சினாட்டி நகர ஆய்வு உணர்த்தும். அங்கே குழந்தைப் பருவம் முதல் கவனிக்கப்பட்ட 157 பேரின் மூளைப் படங்கள் 2008-இல் ஆராயப்பட்டன. சிறுவயதில் குருதியில் ஈயம் மிகுந்திருந்தோர்க்குத் தன்னடக்கத்திற்கு உதவும் முன்மூளையில் சாம்பல்நிறப் பகுதி குறைந்திருந்தது. நம் மக்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. அளந்தறியாமல் ஆம் என்பதும் தவறு. இல்லை என்பதும் தவறு.

விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. சென்னை, பெங்களூர் அறிஞர்களுடன் இணைந்து அக்கல்லூரி இத்தகைய நெடுங்கால ஆய்வை மேற்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. தொழிலாளரின் முழு இசைவு வேண்டும், பெயர் வெளிப்படலாகாது, பிழைப்புப் பறிபோகலாகாது. தனியொருவரின் படத்தைக் காட்டி அவரது அறிவை எடைபோடுவதும் கூடாது. பலருடைய படங்கள் சேர்ந்தே உண்மை உரைக்கும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒப்புதல் படிவம் புரியாத மொழியில் இருந்தால் அது ஒப்புதலாகாது, கைநாட்டு மட்டுமே. தொழிலாளியின் தாய்மொழியில் அதைத் தெளிவுற எழுதித் தருவது தமிழ் மாணவர் கடமை.

வானில் விரியும் வாணத்தை ஊரே அண்ணாந்து பார்க்கின்றது. அதைச் செய்தவரின் தலைக்குள் என்ன நேர்ந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டாமா?