அந்த ஐந்து நிமிடம் யாருடையது?

தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டும் கூடவே எழுகிறது: இவர்கள் நாள் முழுக்க வேலை செய்வதில்லை. காலையில் மலைக்கு ஏறியவர்கள் ஒன்பதரை மணிக்கே தேத்தண்ணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள், கங்காணி அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் பேச்சு தொடங்கிவிடுகிறது, பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்குப் போனவர்கள் சொன்ன நேரத்துக்குத் திரும்புவதில்லை. கம்பனிகள் இதையே உற்பத்தித்திறன் குறைவு என்று மரியாதையான சொல்லில் சொல்கின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சோம்பேறித்தனம் என்று நேராகவே சொல்லிவிடுகிறார். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் மலையடிவாரத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் விடுமுறை நாட்களில் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசை கட்டும். தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். சற்று அப்பால் பிட்டவல பத்தனைப் புல்வெளி, அதையும் தாண்டினால் இலுக்கும்புர, சேர எல்ல அருவி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்தக் காடுகள் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. வாரம் முழுக்கக் கணினி முன் குந்தியிருந்த உடம்புக்கு ஓய்வு தேவை என்று வருகிறவர்கள் இந்தச் சுற்றுலாப் பயணிகள். அது நியாயமான தேவைதான். ஆனால் அவர்கள் ஏறிவந்த இதே சரிவுகளின் கீழ்ப்பகுதியில் கம்மடுவ, நிக்கலோயா போன்ற தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடம்புக்கும் அதே தேவை இருக்கிறது என்பதை நாம் இன்னும் எழுத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவள் நிற்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் பாதி நிறைந்த கூடை. மழை விட்டும் விடாததுமான வேளையில் நிரையின் முடிவில் ஒரு பாறை ஓரம் நிற்கிறாள். காலை வளைத்துப் பார்த்து, கெண்டைக்காலில் ஏறிய அட்டையைச் சுண்ணாம்பு தடவி விழுத்துகிறாள். கயிறு அழுத்திய நெற்றியை உள்ளங்கையால் தேய்க்கிறாள். பக்கத்து நிரைக்காரியிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிறாள், அவள் ஒரு துண்டு வெற்றிலை நீட்டுகிறாள். கங்காணியின் குரல் கேட்கிறது. இருவரும் குனிகிறார்கள். ‘வேலை நேரத்தில் சும்மா நிற்பது’ என்று அறிக்கைகளில் வருவது இதுதான். பெரும்பாலான மலைகளில் கழிப்பறை கிடையாது. புதருக்குள் ஒதுங்கினால் பாம்பு இருக்கலாம், குளவிக் கூடு இருக்கலாம், ஆண்களின் கண் இருக்கலாம். அதனால் பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். இப்படித் தண்ணீரையும் அடக்கி வேலை செய்கிறவளிடம் போய் நேரத்தைத் திருடுகிறாய் என்கிறோம்.

திருட்டு என்றால் பறிகொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே யார் பறிகொடுக்கிறார்கள்? ஒரு நாள் ‘பேர்’ விழ வேண்டுமானால் இத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்பது தோட்டத்தின் விதி. பல தோட்டங்களில் நெடுங்காலம் அது 18 கிலோவாக இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதும் 20 கிலோ, அதற்கும் மேல் என்று கேட்கத் தொடங்கினார்கள். எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அப்படியானால் அவள் பாறை ஓரம் நின்ற ஐந்து நிமிடத்தின் விலையை அவளேதான் செலுத்துகிறாள். மாலை தராசில் கிலோ குறைந்தால் குறைவது அவளுடைய பேர். முதலாளி வாங்குவது கொழுந்தின் நிறையை என்றால், அந்த நிறை எந்த நிமிடத்தில் பறிக்கப்பட்டது, எந்த நிமிடத்தில் பறிக்கப்படவில்லை என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. வாங்குவது நேரத்தை என்றால், காலை முதல் மாலை வரை மலையில் இருந்தவளுக்குக் கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போட உரிமை இல்லை. நம் தோட்டங்களில் இரண்டு அளவுகோலும் ஒரே முதுகில் வைக்கப்பட்டிருக்கின்றன. தராசு நிறைந்தாலும் மணி முடியும்வரை இறங்க முடியாது, மணி முடிந்தாலும் தராசு நிறையாவிட்டால் முழுச் சம்பளம் இல்லை. இதுவே என் முதல் வாதம், முடிவான வாதமும்.

தராசு பற்றியும் சொல்ல வேண்டும். நிறுக்கும் இடத்தில் சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடி நிற்கிறது. கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்கிறார், பிறகு சாக்குக்கும் இலையில் ஒட்டிய தண்ணீருக்குமென்று ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ கழிக்கிறார். ஒரு நாளில் பல தடவை நிறுவை, ஒவ்வொரு தடவையும் கழிவு. மழைக்காலத்தில் ஈரம் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மைதான். வெயில் காலத்திலும் இந்தக் கழிவு நிற்பதில்லை என்பது தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு. கழிக்கப்பட்ட ஒவ்வொரு கிலோவுக்குப் பின்னாலும் அவளுடைய கை ஓடிய நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நிமிடங்களை எந்த அறிக்கையும் எண்ணுவதில்லை.

கிலோ அவளுடைய சுறுசுறுப்பை மட்டும் பொறுத்ததும் அல்ல. செடிக்கு வயதாகிவிட்டது, மறுநடுகை தள்ளிப்போகிறது, காடு மண்டிய மலையில் செடியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை போட்டபோது நாடெங்கும் தேயிலை விளைச்சல் விழுந்தது. இலை இல்லாத செடியில் எத்தனை சுறுசுறுப்பான விரலும் இலையை முளைக்க வைக்காது.

வேலையில் தொய்வைக் குற்றமாகப் பார்க்கும் கண் இங்கே புதிதல்ல, அது சட்டமாகவே இருந்திருக்கிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, வேலையில் பெரும் கவனயீனம், கீழ்ப்படியாமை, அறிவிக்காமல் விலகிப் போதல் ஆகியவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மாத்தளைக்கு வந்து கோப்பித் தோட்டங்களில் சேர்ந்த மக்கள்மீது பாய்ந்த சட்டம் அது. களைத்து நின்ற வேலைக்காரன்கூட நீதவான் முன் நிறுத்தப்படலாம். எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கில் கங்காணிக்குச் சதம் போனது. ஆகவே ஆளை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, கொண்டுவருவதில் அவருக்கும் பங்கு இருந்தது. 1920களின் தொடக்கத்தில்தான், கடனைக் காட்டி ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறையும் சிறைத்தண்டனையும் நீங்கின. சட்டம் போனாலும் அது வளர்த்த பார்வை போகவில்லை. நின்றால் குற்றம் என்ற அந்தப் பழைய நினைப்பு இன்றும் மலையில் அதட்டலாகக் கேட்கிறது.

உலகில் வேலையை நொடி நொடியாக அளந்தவர் என்றால் அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லரைச் சொல்ல வேண்டும். தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பதே அவருடைய தலையாய முறைப்பாடு. பெத்லஹேம் இரும்பு ஆலையில் ஏறத்தாழ 42 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளைத் தூக்குகிறவர்களை ஆராய்ந்துவிட்டு, 1911இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதினார்: இந்த வேலையில் ஒருவர் நாளின் 43 விழுக்காட்டு நேரமே சுமையோடு இருக்கலாம், மீதி 57 விழுக்காடு கை வெறுமையாக இருந்தாக வேண்டும். மணிக்கூட்டின் மனிதரான டெய்லரே ஓய்வை வேலையின் உறுப்பாகக் கணக்கில் எழுதினார். நம் தோட்டக் கணக்கில் அதற்கு இன்றும் பத்தி இல்லை.

மறுபக்கத்தில், மலேசியாவின் கெடா மாநிலத்து நெற்கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்கொட் 1985இல் வெளிவந்த தம் நூலில் வேறொன்று சொன்னார். காலை இழுத்து நடப்பதும் வேலையை மெதுவாக்குவதும் எளியவர்களின் ஆயுதம் என்றார். மதிப்புமிக்க நூல்தான். ஆனால் மலையில் நிற்கிற ஒவ்வொரு பெண்ணையும் போராளியாக்கிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் பெரும்பாலும் நிற்பது முதுகு வலிப்பதால். வலிக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை, நிற்க இடம் கொடுத்தால் போதும்.

தோட்டத்துக்குள்ளேயே ஆண் பெண் வேறுபாடு இருக்கிறது. கான் வெட்டு, கவ்வாத்து, மருந்தடி போன்ற ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் கணக்கு வேலை. இத்தனை செடி, இத்தனை நீளம் என்று முடித்துவிட்டால் பகல் ஒன்று, இரண்டு மணிக்கே முழுப்பேரோடு இறங்கிவிடலாம். அதை யாரும் சோம்பல் என்பதில்லை. கொழுந்துப் பெண்ணோ நாலரை மணி நிறுவை முடியும்வரை மலையில்தான். 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் சமமானது, நேரம் சமமாகவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பகலில் லயத்துக்கு இறங்கி வயதானவருக்குச் சோறு போட்டு மறுபடி ஏறுகிறாள். பகலில் அவள் பிந்துகிற பத்து நிமிடம் இந்த ஓட்டத்துக்குள் விழுகிறது. ஆண் முடித்தால் போகலாம், பெண் முடித்தாலும் நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை மாற்றும்படி ஆண்கள் தலைமை தாங்கும் நம் தொழிற்சங்கங்கள் இத்தனை ஆண்டுகளில் நானறிய ஒரு கோரிக்கைகூட வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வேலை நேரத்தில் எடுக்கப்படும் எல்லா இடைவேளையையும் நான் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இலுக்கும்புர பக்கத்திலிருந்து காலை பஸ்ஸுக்கு இறங்கி, ஒரு கையொப்பத்துக்காக நகரத்து அரச அலுவலகம் ஒன்றின் வாங்கில் உட்கார்ந்திருக்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். ‘ஐயா தேத்தண்ணிக்குப் போயிருக்கிறார்’ என்ற பதிலோடு ஒரு மணி நேரம் போனால், பகல் பஸ் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். அந்த இடைவேளையின் விலையை எடுத்தவர் கொடுப்பதில்லை, காத்திருப்பவர் கொடுக்கிறார். ஓர் ஓய்வை எடைபோட நான் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்: இதற்கு யார் விலை கொடுக்கிறார்? இந்தக் கேள்வியால் பார்த்தால், நாட்டில் மிகக் கடுமையாகக் கண்காணிக்கப்படுவது பிறருக்குச் செலவு வைக்காத ஓய்வு. கண்டும் காணாமல் விடப்படுவது பிறரை முடக்குகிற ஓய்வு.

இதே கேள்வியை நிர்வாகங்களிடமும் கேட்கலாம். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளாண்டேஷன்ஸ் ஆகிய அரச நிறுவனங்கள் மாத்தளை, கண்டி மலைகளில் தோட்டங்களை நடத்துகின்றன. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் இந்த நிறுவனங்கள் பல ஆண்டுகள் நிலுவை வைத்தது பாராளுமன்றம் வரை பேசப்பட்ட விடயம். உழைத்து முடித்த ஆண்டுகளின் பணம் உரியவரின் கைக்கு நேரத்துக்கு வரவில்லை. ஒரு பெண் தன் முழு வேலைக்காலத்தில் பாறை ஓரம் நின்ற நேரமெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகுமா?

கம்பனிகள் ஒரு மாற்று சொல்கின்றன: வருமானப் பங்கீட்டு முறை. குடும்பத்துக்கு ஒரு துண்டு மலையை ஒப்படைத்து, பறித்த கொழுந்துக்கு மட்டும் விலை கொடுப்பது. எப்போது ஏறுவது, எப்போது உட்காருவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும், கங்காணியின் அதட்டல் இருக்காது. அது சிறிய விடயமல்ல, அதன் கவர்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நிலம் தொழிலாளியின் பேரில் இருக்காது, விலை அவர் கையில் இருக்காது, வறட்சி வந்தால் இழப்பு மட்டும் அவருடையது. சேமலாப நிதிக்கு உத்தரவாதமில்லாமல் இதை ஏற்பது, ஐந்து நிமிட ஓய்வுக்கு முதுமையின் பாதுகாப்பை விற்பதாகிவிடும்.

2024 செப்டெம்பர் வர்த்தமானியில் 1,350 ரூபாவான நாட்சம்பளம், 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. அதோடு அரசு தரும் 200 ரூபா நாளாந்த வரவுக் கொடுப்பனவும் சேர்ந்தது. அரசு பொதுப்பணத்திலிருந்து வரவுக்குக் காசு கொடுக்க முன்வந்திருப்பதால், அந்த வரவு எந்த நிலையில் நடக்கிறது என்று கேட்கும் உரிமையும் அரசுக்கு வந்துவிட்டது. காலையில் ஒரு கால் மணி, பிற்பகலில் ஒரு கால் மணி சம்பளத்தோடு சேர்ந்த ஓய்வு என்று சம்பள நிர்ணய சபையின் முடிவில் எழுதட்டும். ஒவ்வொரு மலைக்கும் தண்ணீரோடு ஒரு கழிப்பறை, மழைக்கும் குளவிக்கும் ஒதுங்க ஒரு கூரை என்பதைத் தோட்டக் குத்தகையின் நிபந்தனையாக்கட்டும். நிறுவைக் கழிவுக்கு ஓர் உச்ச வரம்பு போட்டு, தராசைத் தொழில் திணைக்களம் சோதிக்கட்டும். அன்றைய கிலோவை எடுத்து முடித்த பெண், கணக்கு வேலை முடித்த ஆணைப் போலவே முழுப்பேரோடு வீட்டுக்கு இறங்கட்டும். இவற்றில் கடைசிக் கோரிக்கைக்கு ஒரு சதமும் செலவில்லை, நாளைக் காலைப் பெரட்டிலேயே அறிவிக்கலாம்.