காட்டை எண்ணாதே என்பவர்களுக்கு

இயற்கையை எண்களால் அளக்க முடியாது என்ற வாசகம் தமிழில் சூழல் பற்றி எழுதுகிறவர்களிடையே மந்திரம்போல் புழங்குகிறது. சிற்றிதழ்க் கட்டுரைகளில் அதைப் படிக்கிறோம். கல்லூரிக் கருத்தரங்குகளில் அதைக் கேட்டு அவை தலையசைக்கிறது. மரபின் பக்கம் நிற்பவர், காட்டோடு வாழ்ந்தவனுக்குத் தெரிந்தது கணிப்பொறிக்கு என்ன தெரியும் என்பார். கோட்பாட்டின் பக்கம் நிற்பவர், புள்ளிவிவரம் என்பதே அரசதிகாரத்தின் சொல்லாடல் என்பார். இருவரும் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டு வந்து சேரும் இடம் ஒன்றே: எண்களை நாம் படிக்க வேண்டியதில்லை. இந்த முடிவு தவறானது என்பதோடு தீங்கானதும்கூட என்பதே என் வாதம். நாம் படிக்க மறுப்பதால் எண்கள் மறைந்துவிடுவதில்லை. கேட்பாரற்று ஆட்சி செய்கின்றன.

இந்தியாவில் புலிகளை எண்ணிய வரலாறு இதற்கு நல்ல சான்று.

1966இல் ஒடிசாவின் வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி காலடித் தடத்தைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை வகுத்தார். 1972இல் நடந்த முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பு 1,827 புலிகள் என்றது. மறு ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. குறிப்பிட்ட நாட்களில் நாடெங்கும் வனக் காவலர்கள் நடந்து சென்று ஈரமண்ணில் பதிந்த தடங்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் வரைந்துகொள்வார்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்செடுப்பார்கள். பிறகு அதிகாரிகள் அவற்றை ஒப்பிட்டு, இது ஒரு புலி, அது வேறு புலி என்று பிரிப்பார்கள். 1989இல் எண்ணிக்கை 4,334 ஆயிற்று. 2001-02இல் 3,642.

இந்த முறையின் அடிப்படை எது என்று பார்க்க வேண்டும். அனுபவம் முதிர்ந்த கண் தடத்தைப் பார்த்தே புலியை அடையாளம் காணும் என்ற நம்பிக்கைதான் அது. ஒரே கால் சேற்றில் ஒரு விதமாகவும் புழுதியில் வேறு விதமாகவும் பதியும். நடக்கும்போது பதிவதும் ஓடும்போது பதிவதும் ஒன்றல்ல. தடம் பதியாத பாறை நிலத்தில் புலி இருந்தால் கணக்கில் வராது. எத்தனை புலிகள் விடுபட்டன, எத்தனை இருமுறை எண்ணப்பட்டன என்று சொல்ல இந்த முறையில் வழியே கிடையாது. காட்டிலுள்ள எல்லாப் புலிகளையும் ஒன்று விடாமல் எண்ணிவிட்டதாகவே அது தன்னைச் சொல்லிக்கொண்டது. பிழை எவ்வளவு என்று தெரியாத எண்ணுக்குப் பிழையே இல்லாத எண்ணின் மதிப்புக் கிடைத்தது. எண்ணிக்கை கூடினால் அதிகாரிக்குப் புகழ், குறைந்தால் பழி என்றிருக்கும் அமைப்பில் அந்த எண் எந்தப் பக்கம் சாயும் என்று விளக்க வேண்டியதில்லை.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2004இல் 16 முதல் 18 புலிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொன்னது. 2005 தொடக்கத்தில் அங்கே புலிகளைக் காணவில்லை என்ற செய்தி வெளியாயிற்று. இந்தியக் காட்டுயிர் நிறுவனம் தேடிப் பார்த்து, ஒன்றுகூட எஞ்சவில்லை என்று உறுதிசெய்தது. புலிகளை வேட்டைக்காரர்கள் கொன்று முடித்திருந்தார்கள். பதிவேட்டில் மட்டும் அவை உயிரோடு உலவிக்கொண்டிருந்தன. பிரதமர் அமைத்த, சுனிதா நாராயண் தலைமையிலான குழு அதே ஆண்டு அறிக்கை அளித்தது. அதன்பின் தடமுறை கைவிடப்பட்டது.

எண்ணை நம்பியதால் வந்த வினை இது என்று நம் நண்பர்கள் சொல்லக்கூடும். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். சரிஸ்காவில் தோற்றது அனுபவக் கண்ணின் மீது வைத்த கேள்வியற்ற நம்பிக்கை. புள்ளியியல் அங்கே நுழையவே இல்லை. எண் என்ற சட்டையை மாட்டிக்கொண்டு நின்றது வாய்மொழிச் சாட்சியம்தான். எதை உயர்வென்று நம் கட்டுரைகள் கொண்டாடுகின்றனவோ, அதுவே தணிக்கையின்றி அதிகாரத்தின் கையில் சேர்ந்தபோது நடந்தது இது. அந்த முறை செல்லாது என்று 1980களிலிருந்தே சொல்லிவந்தவர் கே. உல்லாஸ் கரந்த். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் புலிகளைத் தானியங்கிக் கேமராவால் படமெடுத்து, புள்ளியியல் மாதிரியைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டியவர் அவர்.

மாதிரி என்ற சொல்லைக் கேட்டதும் மிரள வேண்டியதில்லை. ஊர்க் குளத்தில் எத்தனை மீன்கள் என்று தெரிய வேண்டும், குளத்தை வற்றடிக்கக் கூடாது. வலை வீசி 50 மீன்களைப் பிடித்து, துடுப்பில் அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து மறுபடி வீசியபோது 40 மீன்கள் சிக்குகின்றன. அவற்றில் 10இல் நம் அடையாளம் இருக்கிறது. சிக்கியவற்றில் கால் பங்கு அடையாளமிட்டவை என்றால், நாம் அடையாளமிட்ட 50 மீன்களும் குளத்து மீன்களில் ஏறத்தாழக் கால் பங்கு. ஆகவே குளத்தில் 200 மீன்கள் இருக்கலாம். புலிக்கு அடையாளமிடத் தேவையில்லை. அதன் வரிகளே அடையாளம். எந்த இரு புலிகளுக்கும் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால்தான் தடத்தின் இருபுறமும் இரண்டு கேமராக்களை எதிரெதிரே வைக்கிறார்கள்.

மீன் கணக்குக்குச் சில நிபந்தனைகள் உண்டு. இடைநாட்களில் குளத்துக்குள் மீன் வரவும் கூடாது, வெளியேறவும் கூடாது. இட்ட அடையாளம் அழியக் கூடாது. ஒருமுறை சிக்கிய மீன் வலையைக் கண்டு அஞ்சி ஒதுங்கவும் கூடாது. இந்த நிபந்தனைகள் எங்கே தவறுமோ அங்கே கணக்கும் தவறும். அறிவியலின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. நான் எப்போது பொய்யாவேன் என்று மாதிரி முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. ஆகவே அதைக் கேள்வி கேட்க முடியும். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லும் கண்ணை எதைக் கொண்டு கேள்வி கேட்பது?

புதிய முறையில் நடந்த 2006 கணக்கெடுப்பின் முடிவு 2008இல் வெளியாயிற்று: 1,411 புலிகள். ஆறே ஆண்டுகளில் புலிகள் பாதிக்கும் கீழே சரிந்துவிட்டன என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. பழைய முழத்தால் அளந்ததையும் புதிய கோலால் அளந்ததையும் கழித்துப் பார்ப்பது கணக்காகாது. 2010இல் 1,706 என்றதும் புலிகள் பெருகிவிட்டதாக மகிழ்ச்சி. 2006 கணக்கில் சுந்தரவனம் சேரவில்லை, 2010இல் சேர்ந்தது. உயர்வின் ஒரு பகுதி எண்ணிய பரப்பு கூடியதால் வந்தது. 2018இல் 26,838 இடங்களில் கேமரா வைத்து எண்ணியதில் 2,967 என்றார்கள். அறிக்கைக்குள் 2,603 முதல் 3,346 வரை என்று ஓர் எல்லை இருக்கிறது. மேடையிலும் தலைப்புச் செய்தியிலும் அந்த எல்லை உதிர்ந்துபோய் ஒற்றை எண் மட்டும் நின்றது. 2022 கணக்கெடுப்பின் சராசரி 3,682. அதன் எல்லையையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அரிது.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான செய்தியாக இருக்கக் கூடாது. உ.வே.சா. ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டதை நாம் வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். ஓர் ஏட்டில் ஒரு பாடம், மற்றோர் ஏட்டில் வேறு பாடம். பதிப்பாசிரியர் தமக்கு உகந்ததை மேலே வைத்து, மற்றவற்றை அடிக்குறிப்பில் தருகிறார். அந்த அடிக்குறிப்பு இருப்பதால்தான் அவரோடு நாம் மாறுபடவும் முடிகிறது. பாடபேதம் தராத மலிவுப் பதிப்பை ஆய்வாளர் நம்புவதில்லை. பிழை வரம்பு தராத எண்ணும் அத்தகைய மலிவுப் பதிப்பே. ஒரு சொல்லின் பாடத்துக்காக அரை நாள் வாதிடும் நாம், ஒரு காட்டின் எண்ணிக்கையை நாளிதழில் கண்டதும் அப்படியே ஏற்கிறோம், அல்லது எண்தானே என்று ஒதுக்குகிறோம். இரண்டுமே படிக்காதவர் செய்யும் காரியம்.

அரசின் எண்ணை அதிகாரச் சொல்லாடல் என்று பெயரிட்டு முடித்துவிடும் கோட்பாட்டாளருக்கு ஒரு செய்தி. 2015இல் அர்ஜுன் கோபாலசாமி, கரந்த் உள்ளிட்ட ஐவர், தடயங்களின் அடர்த்தியைக் கொண்டு புலி எண்ணிக்கையைக் கணிக்கும் வழிமுறை நம்பத்தக்கதன்று என்று கணித அடிப்படையில் வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கெடுப்பை நடத்திய அறிவியலாளர்கள் அதை மறுத்து எழுதினார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் கேள்வியன்று. அரசின் எண்ணை எதிர்த்து நிற்கும் வலிமை அந்தக் கட்டுரைக்கு எங்கிருந்து வந்தது? புள்ளியியலிலிருந்துதான். கேமராப் படங்களும் மூலத் தரவுகளும் சார்பற்ற ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கிருந்துதான் எழுகிறது. எல்லா எண்ணும் அதிகாரமே என்று நாம் சொல்லும்போது, பொய்யான எண்ணுக்கும் மெய்யான எண்ணுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. அதைவிட அதிகாரத்துக்கு உகந்த கோட்பாடு உண்டா?

புலியோடு இது நிற்கவில்லை. இந்திய வனநில அளவைத் துறையின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டின் பரப்பில் 21.76 விழுக்காடு காடு என்கிறது. அந்த அறிக்கையில் காடு என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது பத்து விழுக்காடாவது மரக்கவிகை இருந்தால் அது காடு. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வி இல்லை. ரப்பர்த் தோட்டம் காடு, தென்னந்தோப்பு காடு, தைலமரத் தோப்பும் காடு. சோலைக்காட்டை அழித்து ஓரிடத்தில் அணை கட்டி, வேறிடத்தில் ஒற்றை மரத் தோப்பு வளர்த்தால் இந்தக் கணக்கில் இழப்பே தெரியாமல் போகலாம். இங்கே தந்திரம் எண்ணில் இல்லை, சொல்லில் இருக்கிறது. சொல்லின் பொருளை ஆராய்வது யாருடைய தொழில்? நம்முடைய தொழில். நாமோ காடு அளவிறந்தது என்று உருகிக்கொண்டிருக்கிறோம்.

சங்க இலக்கியத்தில் சூழலியல் என்ற தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரைகள் குவிகின்றன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களைப் பட்டியலிட்டு, அன்றே நம்மிடம் சூழலியல் இருந்தது என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. திணை ஒரு கவிதையியல். அதன் ஆழத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 99இல் எத்தனைக்கு இன்றைய தாவரம் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியும், அவை எந்த மலைச்சரிவில் எவ்வளவு பரப்பில் எஞ்சியிருக்கின்றன, இருபது ஆண்டுகளில் கூடினவா குறைந்தனவா என்ற கேள்விகளை அந்தக் கட்டுரைகள் எழுப்புவதில்லை. எழுப்பினால் தாவரவியல் துறைக்குப் போக வேண்டும், மாதிரிக் கட்டங்கள் அமைத்து எண்ண வேண்டும். பெருமைக்கு அது தேவைப்படவில்லை. மலர்களுக்குத் தேவைப்படுகிறது.

எண் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் வாதிடவில்லை. புலி எத்தனை என்பது, அந்தக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட குடிகள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல இலக்கியம் வேண்டும். ஆனால் எந்தக் கணக்கை முன்வைத்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அந்தக் கணக்கு செல்லுமா என்று கேட்பதற்கு எண்ணறிவு வேண்டும். இதில் ஒன்றுதான் நம் வேலை, மற்றது பிறர் வேலை என்று பிரித்துக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகச் சொல்லி வளர்ந்த மரபில் வந்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொள்வதை ஆழ்ந்த பார்வை என்று அழைக்க முடியாது.

அடுத்த புலிக் கணக்கெடுப்பின் அறிக்கை வெளியாகும் நாளில், நாளிதழின் முதல் பக்கத்தில் ஓர் ஒற்றை எண் பெரிய எழுத்தில் வரும். எப்படி எண்ணினார்கள், எங்கே எண்ணவில்லை, எல்லை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை அன்று ஒரு தமிழ் இலக்கிய இதழாவது கேட்குமானால், காட்டைப் பற்றி நாம் எழுதிய உருக்கமான நூறு கட்டுரைகளைவிட அது பயனுள்ளதாக இருக்கும்.