கைபேசியும் ஒரு நூலகமே!

அறிவை வளர்க்கும் சாதனங்களுள் தலையாயது நூல். ஓலைச்சுவடியாக இருந்த நூல் அச்சுப் புத்தகமாயிற்று. இன்று மின்னூலாகிக் கைபேசிக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்டது. ஆயினும் நம் வீடுகளில் கைபேசி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அதுவும் பெண்பிள்ளையின் கையில் கைபேசி என்றால் சொல்லவே வேண்டாம்! இது சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

மின்னூல் என்பது நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் அன்று. 1971ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், தம் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து, பிறரும் இலவசமாகப் படிக்க வழி செய்தார். அதுவே 'குட்டன்பர்க் திட்டம்' என வளர்ந்தது. தமிழரும் பின்தங்கிவிடவில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 'மதுரைத் திட்டம்' என்பதைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஒரு காசும் பெறாமல், நம் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். 2013இல் த. சீனிவாசன் அவர்களும் நண்பர்களும் 'ஃபிரீ தமிழ் ஈபுக்ஸ்' என்னும் முயற்சியைத் தொடங்கி, எழுத்தாளர்கள் மனமுவந்து அளித்த நூல்களைக் கைபேசியில் படிக்கத்தக்க வடிவில் இலவசமாக வெளியிட்டனர். அதற்கெனச் செயலி ஒன்றும் அமைத்தனர்.

இதன் அருமையை ஈழத்தமிழர் நன்கறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு படி இல்லாதவை திரும்பவேயில்லை. 2005இல் அவர்கள் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தை நிறுவினார்கள். ஆயிரம் கைபேசிகளில் குடியிருக்கும் ஒரு நூலை எந்தத் தீயால் எரிக்க முடியும்?

இனி நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். முல்லைப் பெரியாற்று நீரால் வயலும் திராட்சைத் தோட்டமும் செழிக்கும் பூமி இது. புத்தகச் செழிப்பு எப்படி? தேனியிலும் கம்பத்திலும் நூலகங்கள் உண்டு. ஆனால் உள்ளடங்கிய சிற்றூரில் வாழும் மாணவி, பள்ளி விட்டுப் பேருந்து பிடித்து வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தாய் விடியுமுன் ஜீப்பேறி மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போயிருப்பார். தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்ப்பதும் இவள் பொறுப்பு. நூலகம் செல்ல நேரமேது? 'பொன்னியின் செல்வன்' 5 பாகங்களையும் விலைக்கு வாங்க வசதியேது? பள்ளி நூலகத்தில் எடுத்தாலோ, முதல் பாகத்தை முடித்த ஆவலில் ஓடும்போது இரண்டாம் பாகம் வேறு யாரிடமோ இருக்கும்! கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணைய இணைப்பே வேண்டாம். படமில்லாத நாவலின் கோப்பு ஒரு சினிமாப் பாட்டுக் காட்சியைவிடச் சிறியது. 'ஈபப்' வடிவ நூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி திரைக்குள் அடங்கும்; மங்கிய கண்ணுடைய பாட்டியும் படிக்கலாம். பக்கங்களைப் படமெடுத்துச் செய்த 'பிடிஎஃப்' நூல்தான் சிறு திரையில் கண்ணை வருத்தும்.

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாமலில்லை. நூலுக்குப் பக்கத்திலேயே விளையாட்டும் வீண் அரட்டையும் காத்திருக்கின்றன. நாலு பக்கம் படிப்பதற்குள் நாற்பது செய்திகள் மணியடிக்கின்றன. இரவில் நெடுநேரம் ஒளிரும் திரையைப் பார்த்தால் கண்ணும் சோரும், உறக்கமும் கெடும். இலவசம் என்ற பெயரில் விளம்பரங்களைக் கொட்டும் செயலிகளும் உண்டு. வாழும் எழுத்தாளரின் நூலை அனுமதியின்றிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவோரும் உண்டு. அதற்குக் களவு என்றே பெயர். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் நூலுக்குப் பதிப்புரிமை உண்டென்பது நம் நாட்டுச் சட்டம். இவற்றையெல்லாம் விலக்கத்தான் வேண்டும். அதற்காக, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

ஒன்றை மனம் விட்டுச் சொல்ல விரும்புகிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் பாடம் கேட்க வேண்டுமென்று கடன் பட்டேனும் கைபேசி வாங்கித் தந்த பெற்றோர் நம்மில் பலருக்கு உண்டு. அன்று கல்விக் கருவியாக இருந்த அது, நாங்கள் வளர்ந்ததும் சந்தேகப் பொருளாகிவிட்டது. அண்ணன் கையில் இருந்தால் "படிக்கிறான்" என்கிறார்கள். எங்கள் கையில் இருந்தால் "யாரோடு பேசுகிறாய்?" என்கிறார்கள். கதை படிக்கிறோம் என்றால் நம்புவாரில்லை. அன்புள்ள அம்மா, அப்பா! ஒளித்து வைத்துப் படிக்க நாங்கள் விரும்பவில்லை. உங்கள் கண்முன்னே படிக்கத்தான் கேட்கிறோம்.

இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, இணையத்தை அணைத்துவிட்டுக் கைபேசியைக் கொடுங்கள். படித்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் அதே விதி இருக்கட்டும். மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே! நம் கணிப்பொறி அறையில் நல்ல மின்னூல்களைச் சேர்த்து வைத்து, வாரம் ஒன்றாகப் பெற்றோரின் கைபேசிக்கு அனுப்பி உதவ வேண்டுகிறோம். நீங்கள் தேர்ந்து அனுப்பிய நூல் என்றால் வீட்டில் எவரும் மறுக்கமாட்டார்கள். நூலக வகுப்பும் தொடரட்டும். அச்சுப் புத்தகத்தைக் கையில் ஏந்திப் படிக்கும் இன்பமே தனி.

தோழியரே! பெரியோர் நம்பிக் கொடுக்கும் அந்த அரைமணியில் ஒரு நிமிடமும் வேறுபக்கம் திரும்பாமல் படித்துக் காட்டுவது நம் கடமை. அடுத்த ஆண்டு மலரில், எந்த வகுப்பு எத்தனை நூல்களைப் படித்தது என்ற பட்டியல் இடம்பெறட்டும். அதில் நம் வகுப்பின் பெயர் முதலில் நிற்கட்டும்!