கலைவிழாவும் கல்விநிதியும்

ஆண்டுதோறும் இரண்டாம் பருவம் தொடங்கியதும், நுழைவுச் சீட்டுப் புத்தகமும் கையுமாய் நம் மாணவர் சிலர் விடுதி அறைதோறும் ஏறி இறங்கக் காண்கிறோம். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு நிதி திரட்டும் பொருட்டு நடைபெறும் கலைவிழாவுக்கு அவர்கள் நம்மை அழைக்கின்றனர். சீட்டு வாங்காது தப்பினார் மிகச் சிலரே. தப்ப முயன்று தோற்றவருள் இதனை எழுதுவோனும் ஒருவன். இத்தகைய விழாக்கள் வேண்டுமா, வேண்டாவா என்னும் வாதம் இப்போது ஆசிரியர் அறையிலும் மாணவரிடையேயும் எழுந்திருத்தலின், இக்கல்லூரியிற் பயின்று இங்கேயே பணிபுரிய வந்தவனாகிய யான் என் கருத்தைக் கூறத் துணிந்தேன்.

வேண்டா என்பார் கூறுவது யாதெனின், ஈகைக்குக் கூத்து எதற்கு, மனமுள்ளவன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்பதாம். இக்கூற்று கேட்பதற்கு அழகியது, நடைமுறைக்கு ஒவ்வாதது. தனியே கேட்டவிடத்துக் கைவிரிப்பவன், ஊரார் கூடியவிடத்துப் பையைத் திறக்கிறான். இது மனித இயல்பு. இதனைக் குறைகூறிக் கொண்டிருப்பதினும் பயன்படுத்திக் கொள்வதே அறிவுடைமை.

பாட்டினால் பிள்ளைகள் பிழைத்த வரலாறு ஒன்று உண்டு. இலண்டன் மாநகரில் கைவிடப்பட்ட குழந்தைகளின் பொருட்டு இல்லம் ஒன்று அமைக்க வேண்டுமென்று தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் பதினேழு ஆண்டு காலம் பெரியோர் வாயில்தோறும் நின்று மன்றாடி, 1739-ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றார். அவ்வில்லத்துக் கோயில் கட்டி முடியாதிருந்த நிலையிலேயே, 1749-இல் ஹேண்டல் என்னும் இசைப்புலவர் அங்கு ஒரு கச்சேரி நிகழ்த்திப் பொருள் சேர்த்துத் தந்தார். மறு ஆண்டு மே மாதம் தாம் இயற்றிய ‘மெசையா’ என்னும் இசைநூலை அங்கே பாடுவித்தார். இடம் போதாமையால் பலர் திரும்பிச் செல்ல நேர்ந்தது. அவர்கள் பொருட்டு இரண்டு வாரத்தில் மீண்டும் அதனைப் பாடுவிக்க வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் தொடர்ந்த இந்நிகழ்ச்சி, 1759-இல் அவர் மறைந்த பின்னரும் 1777 வரை நிகழ்ந்தது. இவ்வகையால் இல்லத்துக்குச் சேர்ந்த தொகை ஏறத்தாழ 7,000 பவுன் என்பர். இறக்குமுன் அவ்விசைநூலின் படி ஒன்றையும் அவர் அவ்வில்லத்துக்கே எழுதிவைத்தார்.

இடையில் ஒரு செய்தி. இதே இசைநூல் முதன்முதலாக 1742-இல் டப்ளின் நகரில் அரங்கேறியபோதும் அறப்பணிகளின் பொருட்டே பாடப்பட்டது. கூட்டம் மிகுமென்று கருதியவர்கள், ஆடவர் வாளின்றியும் மகளிர் வளையமிட்ட பாவாடையின்றியும் வருமாறு முன்னரே விளம்பரம் செய்தனர். அதனால் இன்னும் பலருக்கு இடம் கிடைத்தது. நம் விழாக்களில் வாளுமில்லை, வளையப் பாவாடையுமில்லை. ஆனால் முன்வரிசையில் சோபாக்கள் உண்டு. ஒரு சோபாவின் இடத்தில் நான்கு நாற்காலி இடலாம் என்பதை விழாக்குழுவினர் எண்ணிப் பார்ப்பாராக.

இனி, அவ்விலண்டன் இல்லத்தில் நோக்கத்தக்கது ஒன்று. கச்சேரிக்கு வந்தோர் இசை கேட்க வந்தனர். கொடுத்த பொருளுக்கு ஈடாக நல்லிசை பெற்றுச் சென்றனர். அதில் கொடுத்தவர் உயரவுமில்லை, பெற்றவர் தாழவுமில்லை. ஆயினும், அதே இல்லத்தில் வேறொரு வழக்கமும் வேரூன்றியது. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் நகரத்துச் செல்வர்கள் உணவுக்கூடத்துக்குச் சென்று, பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உண்பதை நின்று பார்த்துப் போவர். இதுவும் நிதிக்குத் துணைசெய்தது என்பதில் ஐயமில்லை. அத்தனை கண்களுக்கு முன் அக்குழந்தைகளுக்கு உணவு எங்ஙனம் தொண்டையில் இறங்கிற்றோ!

நாம் இவ்விரண்டனுள் எதனைப் பின்பற்றுகிறோம்? எனக்கு நேர்ந்ததைக் கூறுவேன். யான் பட்டம் பெற்றுச் சென்ற சில ஆண்டுகளுக்குப் பின், வேறோர் ஊரில், மாலைநேரப் பாடசாலை ஒன்றன் பொருட்டு நடந்த விழாவில் கணக்கெழுதும் பொறுப்பை ஏற்றிருந்தேன். நிகழ்ச்சியின் நடுவே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மேடைக்கு அழைத்து, புத்தகப் பை ஒன்றை வழங்க ஏற்பாடு செய்திருந்தோம். தந்தையை இழந்தவள் என்பதும், தாய் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள் என்பதும், வாடகை நிலுவையில் நிற்கிறது என்பதும் ஒலிபெருக்கியில் உரக்கப் படிக்கப்பட்டன. அவையோர் கண் கலங்கினர். கைப்பேசிகள் உயர்ந்தன. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அன்று உண்டியலில் விழுந்த தொகையிற் பெரும்பகுதி அந்த ஐந்து நிமிடத்தில் விழுந்ததே.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் அவள் தாய் பையைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். “ஐயா, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். எங்கள் வீட்டுக் கதை இப்போது வகுப்பு முழுவதும் தெரிந்துவிட்டது. பிள்ளை போகமாட்டேன் என்கிறது” என்றாள். அவள் குரலில் சினம் இருந்திருப்பின் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். சினம் இல்லை. அந்தக் கதையைக் கேட்டறிந்து, எழுதி, அறிவிப்பாளர் கையிற் கொடுத்தவன் யானே என்பதை அவளிடம் சொல்ல எனக்கு அன்று நா எழவில்லை, இங்குச் சொல்கிறேன்.

அவ்விழாவின் கணக்கும் என் கையிலேயே இருந்தது. வரவு 62,000 ரூபாய். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, மேடை அலங்காரம், பொன்னாடை, நினைவுப் பரிசு, விருந்தினர் சிற்றுண்டி ஆகியவற்றுக்குச் செலவு 47,500. எஞ்சியது 14,500. இதில் ஒருவரும் ஒரு காசும் திருடவில்லை என்பதை உறுதியாகக் கூறுவேன். பொன்னாடை போர்த்தப்பட்டோர் பதினால்வர். அவருள் ஒருவரேனும் அதனை விரும்பிக் கேட்டவரல்லர். நேர்மையாளர் பலர் கூடி ஏழைப் பிள்ளைகளின் பணத்தைப் பட்டாகவும் பலகாரமாகவும் மாற்றினோம், அவ்வளவே.

இத்தவறுக்கு அடி எங்கே உள்ளது என்று எண்ணிப் பார்த்தால், விழாவை முதலில் வகுத்து, பணம் யாருக்கு, எதற்கு என்பதைப் பிற்பாடு தேடினோம் என்பது புலப்படும். நம் நாட்டிலேயே இதற்கு மாறான முறை கையாளப்பட்டதுண்டு. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பள்ளிக்கு வேண்டுவன இவை என்று பட்டியல் எழுதப்பட்டது. பலகை, நாற்காலி, கடிகாரம், நிலப்படம், கட்டடம் என ஊரார் தத்தம் ஆற்றலுக்கேற்ப ஏற்றுக்கொண்டனர். மேடையும் மாலையும் அங்கும் இருந்தன. ஆனால் பட்டியல் முன்னே நடந்தது. மேடை அதன் பின்னே வந்தது.

இன்று அப்பட்டியலில் எவை இடம்பெறும்? 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கல்வி பிள்ளைகளின் உரிமை. நம் மாநிலத்தில் 1956-இல் தொடங்கி 1982-இல் விரிவடைந்த மதிய உணவோடு, 2022 முதல் தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவும் வழங்கப்படுகிறது. பாடநூலும் சீருடையும் அரசு தருகிறது. அங்ஙனமாகவும், பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போகும் பிள்ளைகளை நாம் நாளும் காண்கிறோம். அவர்களுக்கு வேண்டுவது இன்னுமொரு புத்தகப் பையன்று. கரும்பலகை தெரியாத கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். கணக்கில் பின்தங்கியவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அவ்வாசிரியருக்கு மாதந்தவறாத ஊதியம் வேண்டும். இவை ஓரிரவில் திரண்டு ஓரிரவில் தீரும் பணத்தால் ஆவன அல்ல.

விழாவையே ஆண்டுமுழுதும் நம்பி நடப்பதன் துன்பத்தை இரவீந்திரநாத தாகூர் நன்கறிந்தவர். 1901-இல் ஐந்து மாணவரோடு சாந்திநிகேதனத்தில் அவர் தொடங்கிய பள்ளி வளர வளரப் பணமுடையும் வளர்ந்தது. முதுமையிலும் நாடகக் குழுவை அழைத்துக்கொண்டு ஊரூராகச் சென்றார். 1936-இல் டில்லியில் அவரைக் கண்ட காந்தியடிகள், எழுபத்தைந்தை நெருங்கும் அக்கவிஞர் அவ்வாறு அலைதலைப் பொறாது, அன்பர் ஒருவரிடமிருந்து 60,000 ரூபாய் பெற்றளித்து, பயணத்தை நிறுத்துமாறு வேண்டினார். அத்துணைப் பெருங்கலைஞருக்கே அரங்கின் வரும்படி போதவில்லையெனின், நம் மாணவரின் பல்சுவை நிகழ்ச்சி எம்மட்டு?

நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறு கலயத்தில் இட்டுவைத்துப் பொதுப்பணிக்குக் கொடுத்தனர். அதற்கு மேடையுமில்லை, கைதட்டலுமில்லை. ஆயினும் கலயம் மாதந்தோறும் நிறைந்தது. விழாவுக்கு வரும் முந்நூறு பேரில் முப்பதுபேர் மாதம் நூறு ரூபாய் தருவதாக வாயிலில் பெயரெழுதிச் சென்றால், ஆண்டுக்கு 36,000 ரூபாயாகும். அப்பெயர்களைப் பெறுவதற்கு விழாவைப்போல் ஏற்ற இடம் வேறில்லை. ஆதலின் விழா வேண்டும் என்றே கூறுவேன்.

ஆனால் இவ்வாண்டு மேடையில் பாடத் தெரிந்தவர் பாடட்டும், நடிக்கத் தெரிந்தவர் நடிக்கட்டும். பொன்னாடை வேண்டா. மாலைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சீட்டு அனுப்புவோம். சோபாக்களை அகற்றிய முன்வரிசையில் அவர்கள் அமர்ந்து, நன்றாயிருந்தால் கைதட்டட்டும், நன்றாயில்லாவிடின் கொட்டாவி விடட்டும். வரவு செலவுக் கணக்கு அடுத்த ஆண்டு இவ்விதழிலேயே வெளிவரட்டும். சீட்டுப் புத்தகத்தோடு என் அறைக்கு வரும் மாணவர், செலவுத் திட்டத்தையும் கையோடு கொண்டுவருவாராயின், இம்முறை யான் கதவைத் தாழிடேன். இரண்டு சீட்டு வாங்குவேன்.