ஆங்கிலம் அறிவோம்: இடம் மாறினால் பொருள் மாறும்



2009ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பராக் ஒபாமா உறுதிமொழி ஏற்றார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஐ வில் ஃபெயித்ஃபுலி எக்ஸிக்யூட்' என்பது அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் வகுத்த வரிசை. நீதிபதியோ 'ஃபெயித்ஃபுலி' என்பதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா தயங்கி நின்றார். இலக்கணப்படி இரண்டு வரிசையும் சரியே. ஆயினும், ஐயத்திற்கு இடம் வைக்கலாகாது என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழி மீண்டும் ஏற்கப்பட்டது. ஒரு வினையடை இடம்பெயர்ந்ததன் விளைவு இது!

தமிழில் 'சரளமாக ஆங்கிலம் பேசுகிறாள்' என்றாலும், 'ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறாள்' என்றாலும் குற்றமில்லை. ஆங்கிலத்தில் அத்துணைச் சுதந்திரம் இல்லை. பின்வரும் விதிகளை மனத்திற் கொள்ளுங்கள்.

1. ஆல்வேஸ், ஆஃபன், நெவர் போன்றவை முதன்மை வினைக்கு முன்னே வரும்: 'ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்.'

2. ஆம், ஈஸ், ஆர், வாஸ், வேர் ஆகியவற்றுக்குப் பின்னே வரும்: 'ஹி ஈஸ் ஆல்வேஸ் லேட்.'

3. துணைவினைகள் இருப்பின் முதல் துணைவினையை அடுத்து வரும்: 'ஐ ஹேவ் நெவர் சீன் இட்.'

4. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடையை நுழைத்தலாகாது. 'ஷி ஸ்பீக்ஸ் ஃப்ளூயண்ட்லி இங்கிலீஷ்' என்பது பிழை. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயண்ட்லி' என்பதே சரி.

'கருத்து விளங்கினால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். வெளிநாட்டிலிருக்கும் மகன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஐ ஆல்மோஸ்ட் லாஸ்ட் டென் தவுசண்ட் ருபீஸ்' என்றால், பணம் பறிபோக இருந்தது, ஆனால் தப்பியது. 'ஐ லாஸ்ட் ஆல்மோஸ்ட் டென் தவுசண்ட் ருபீஸ்' என்றால், ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் போயே விட்டது! சொற்கள் அவையே, இடந்தான் வேறு. முதற்கடிதம் பெற்றோருக்கு ஆறுதல், இரண்டாவதோ துயரம்.

அவ்வாறே, 'ஐ டோன்ட் ரியலி நோ' என்பது 'எனக்கு அவ்வளவாகத் தெரியாது' என்னும் மென்மையான விடை. 'ஐ ரியலி டோன்ட் நோ' என்பதோ 'உண்மையிலேயே தெரியாது' என்னும் உறுதியான மறுப்பு. நேர்முகத் தேர்வில் அமர்ந்திருக்கும் இளைஞருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆகவே, விண்ணப்பமோ கடிதமோ எழுதி முடித்ததும், அதிலுள்ள வினையடைகளைக் கோடிட்டு, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமர்ந்துள்ளதா என்று ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குங்கள்.