பாட்டுக்கு மின்சாரம் ஆகுமா?

நாட்டுப் பாடலில் மின்சாரம் ஏறினால் அதன் உயிர் போய்விடும் என்று வருந்தும் ரஸிகர்கள் நம்மிடையே அநேகர். பம்பைக்குப் பக்கத்தில் மின்சார கிதார் நின்றால் அவர்களுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. அவர்களுக்காக அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்தை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

1950-ம் வருஷத்தில் ஜாக் ஹோல்ஸ்மன் என்னும் கல்லூரி மாணவர், நண்பர் ஒருவருடன் ஆளுக்கு 300 டாலர் போட்டு, 'எலெக்ட்ரா' என்ற இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். பெயரில் மின்சார வாடை இருந்ததேயொழிய, வெளிவந்தவை பெரும்பாலும் நாட்டுப் பாடல்களே. அதே கம்பெனி 1965-ல் பால் பட்டர்ஃபீல்டு கோஷ்டியின் மின்சார 'புளூஸ்' இசையையும், 1967-ல் 'டோர்ஸ்' கோஷ்டியின் 'ராக்' இசையையும் வெளியிட்டது.

1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப் பாடல் விழாவில் பட்டர்ஃபீல்டு கோஷ்டியை ஆலன் லோமாக்ஸ் ஏளனமாக அறிமுகம் செய்தார். நாட்டுப் பாடல்களைச் சேகரிப்பதில் அவர் பெரும் புள்ளி. பேச்சு முற்றி, பாடகர்களின் ஏஜெண்டான ஆல்பர்ட் கிராஸ்மனும் அவரும் மண்ணில் கட்டிப் புரண்டார்கள். நமது ஸபாக்காரர்களுக்கு இத்தகைய ஸங்கீத பக்தி இன்னும் கைகூடவில்லை!

இதில் வேடிக்கை என்னவென்றால், 1941-ல் மிஸிஸிப்பி மாகாணத்துப் பருத்தித் தோட்டம் ஒன்றில் மட்டி வாட்டர்ஸ் என்ற தொழிலாளியின் பாட்டைப் பதிவு செய்தவர் இதே லோமாக்ஸ்தான். அந்தத் தொழிலாளி 1943-ல் பிழைப்புத் தேடிச் சிகாகோ சென்றார். அங்கே மதுக்கடை இரைச்சலில் மரக் கிதார் யார் காதிலும் விழவில்லை. மின்சார கிதாரைக் கையில் எடுத்தார். பட்டர்ஃபீல்டு பாடம் கற்றது அத்தகைய சிகாகோ வித்வான்களிடந்தான். பாடியவன் ஊர் மாறினான். பாட்டும் அவனுடன் கூடவே போயிற்று.

நமது நாகரசம்பட்டிப் பக்கத்து இளைஞர்களும் ஓசூர் ஆலைகளுக்குப் போகிறார்கள். பம்பையின் தாளம் அவர்களுடைய விரல்களோடு போகாதா? 2018-ல் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் மின்சார கிதாருடன் மேடை ஏற்றினார்கள். பறையின் குரல் ஒடுங்கிவிடவில்லை.

ஹோல்ஸ்மன் பழைய ஸங்கீதத்தைக் கைவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. 1964-ல் அவர் தொடங்கிய 'நான்ஸச்' பிரிவிலேதான் நம் ராம்நாட் கிருஷ்ணனின் கர்நாடக ஸங்கீதம் 'வித்வான்' என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. உறையின் மீது பாடகரின் பெயர் அச்சாகியிருந்தது.

நாம் கேட்பதும் அதைத்தான். பம்பைக்காரரின் பெயர் உறையின் மீது அச்சாகுமா? விற்ற பணத்தில் அவருக்குப் பங்கு உண்டா? இவற்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைக்குமானால், மின்சாரம் எவ்வளவு வேண்டுமானாலும் பாயட்டும், நமக்கு ஆட்சேபமில்லை.