கழிவும் ஒரு சரக்கே

சுற்றாடலைப் பேணுதல் பெருங் கம்பனிகளுக்கே இயலும். சிறு முதலாளிக்கு அது வீண்செலவு என்பர் பலர். எமது நாட்டுத் தும்பு ஆலைகளின் கதை இக்கூற்றைப் பொய்யாக்குகின்றது.

குருநாகல், புத்தளம் முதலிய பகுதிகளிலே, தேங்காய்ப் பொச்சிலிருந்து தும்பைப் பிரித்த பின்னர் எஞ்சும் தூள் முன்னாளில் ஆலையருகே குன்றுபோற் குவிந்து கிடந்தது. அஃது இலகுவில் உக்காது. மழைநீரைக் கபில நிறமாக்கி ஓடைகளிற் சேர்க்கும். நிலத்தை அடைத்துக்கொண்டு கிடந்த அத்தூளினால் உரியவருக்குத் தொல்லையே மிச்சம்.

ஆயினும் அத்தூளுக்கு ஓர் அரிய குணமுண்டு. தன் நிறையைப் போற் பன்மடங்கு நீரைத் தாங்கவல்லது அது. மேனாட்டுத் தோட்டக்காரர் நாற்று வளர்ப்பதற்குச் சதுப்பு நிலங்களிலிருந்து 'பீற்' என்னும் உக்கலை வெட்டியெடுத்து வந்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அளவே படியும் பொருள் அது. அதற்கு ஈடாக எமது தூள் அமைந்தது. இன்று அதனைக் கழுவி, உலர்த்தி, 5 கிலோக் கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகின்றனர். அன்றைய குப்பை இன்று அந்நியச் செலாவணி ஈட்டுகின்றது!

எனினும், உப்புக் கழுவிய நீரைக் கண்டபடி ஓடவிடின் அயற்கிணறு கெடக்கூடும். பழைய கேடு புது வழியில் வந்து சேரும். அந்நீரையும் சுத்திகரித்து விடுபவரே நேர்மையான இலாபம் கண்டவராவர்.

ஆதலின், வணிகர் முதற்கண் செய்யத்தக்கது பெரும் முதலீடன்று. தம் கடையிலிருந்தோ ஆலையிலிருந்தோ ஒரு கிழமையில் வெளியே எறியப்படுவன யாவை, அவற்றின் நிறை எவ்வளவு எனக் குறித்து வைத்தலே போதும். அவற்றுட் பெரும்பாலன நாம் காசு கொடுத்து வாங்கியவை அன்றோ?